சைபர் ஸ்பெஷலிஸ்ட்டா, கோர்ட் வக்கீலா?

தம்பி பெயருக்கு சைபர் கிரைம் போலீஸிடமிருந்து நோட்டீஸ் வந்த அன்றே வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. "சைபர் சட்டத்துக்கென்றே இருக்கிற ஸ்பெஷலிஸ்ட்டைப் பிடி" என்றார் மாமா. அந்த கோர்ட்டில் தினமும் நிற்கிற கிரிமினல் வக்கீலே போதும் என்றேன் நான். கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது. அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

கூட்டாளி ஒருவன் கேட்டான் என்று பேங்க் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் தூக்கிக் கொடுத்திருக்கிறான் தம்பி. யாரையோ ஏமாற்றிய பணம் அதில் வந்து விழுந்து, சில நிமிடங்களில் வெளியே போயிருக்கிறது. மியூல் அக்கவுண்ட் என்கிறார்களே, அதுதான். எஃப்ஐஆரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி (கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது), கூடவே பழைய ஐபிசி-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவு 318(4).

முதலில் ஸ்பெஷலிஸ்ட்டைத்தான் போய்ப் பார்த்தோம். ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் தெரியும் எண்ணை, ஒரே நேரத்தில் பல சந்தாதாரர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பது மொபைல் கம்பெனிகளின் வழக்கம், அதனால் ஐபியை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, அந்த இணைப்புக்கென்று ஒதுக்கிய போர்ட் எண்ணும் சரியான நேரமும் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் ஸ்டேஷனுக்கு வர மாட்டாராம். முக்கியமான விசாரணை நாட்களுக்கு மட்டும் வருவார், மற்ற வாய்தாக்களை ஜூனியர் பார்த்துக்கொள்வார்.

நம்ம கோர்ட் வக்கீலுக்கு ஐபி, போர்ட் எல்லாம் அவ்வளவாகத் தெரியாது, அதை அவரே ஒப்புக்கொண்டார். எஃப்ஐஆரைப் படித்தவர் ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டினார். 66டி-க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு, 77பி-யின்படி அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 318(4)-க்கு ஏழு ஆண்டு வரை போகும், அதற்கு ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. "பேருதான் சைபர். ஜாமீன்னு வந்தா நம்ம பழைய 420-தான் தம்பி" என்றார். என் மனசு அப்போதே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஃபீஸ், அனுபவம், பெயர், அலைச்சல் பற்றியெல்லாம் நீங்களே யோசித்திருப்பீர்கள். இந்த வகை வழக்கில் என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, போன் கைமாறும் அன்று உங்கள் பக்கம் யார் நிற்கிறார் என்பதுதான்.

நோட்டீஸ் பிஎன்எஸ்எஸ், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)-ன் கீழ் வந்தது. நேரில் ஆஜராகி ஒத்துழைத்தால், காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்யக்கூடாது. அதனால் போனோம், வக்கீலும் கூடவே வந்தார். இன்ஸ்பெக்டர் போனைக் கேட்டார். தம்பி நீட்டப் போனான், வக்கீல் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் மகஜர், அதாவது எதை எந்த நிலையில் பறிமுதல் செய்தார்கள் என்ற எழுத்துப் பதிவு. மாடல், இரண்டு ஐஎம்இஐ எண், சிம், மெமரி கார்டு, திரையில் கீறல், பேட்டரி எத்தனை சதவீதம், வாங்கும்போது ஆன்-ஆ ஆஃப்-ஆ, மணி என்ன என்று எல்லாவற்றையும் எழுத வைத்தார். பிஎன்எஸ்எஸ் 105-ன்படி பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டுமே என்று தணிவாகத்தான் கேட்டார், எடுத்தார்கள். எங்கள் கண்ணெதிரே போனை ஆஃப் செய்து, அதையும் மகஜரில் எழுதி, கவரில் போட்டு சீல் வைத்தார்கள்.

போன் என்பது கத்தி மாதிரி சும்மா கிடக்கிற சான்றுப்பொருள் இல்லை. ஆன் செய்தாலே உள்ளே எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். சீல் வைத்த நேரத்துக்கும் ஆய்வகத்தில் திறந்த நேரத்துக்கும் நடுவில் ஏதாவது எழுதப்பட்டிருந்தால், மகஜரில் ஆஃப் என்ற அந்த ஒரு வார்த்தை பேசும். ஆய்வகம் நகல் எடுத்துக் கணக்கிடும் ஹேஷ் மதிப்பு, அதாவது தரவின் கைரேகை மாதிரியான எண், அதற்குப் பிறகு நடப்பதற்குத்தான் காவல், முன்னால் நடந்ததற்கு மகஜர்தான். அந்த நாளைக் கோட்டைவிட்டால் பின்னால் எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் அந்த இடைவெளியை அடைக்க முடியாது.

மின்னணுச் சான்றைக் கோர்ட்டில் காட்டத் தேவைப்படும், புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63(4) சான்றிதழ் பற்றியும் பலர் பெரிய நம்பிக்கையோடு பேசுகிறார்கள். இப்போதைய படிவத்தில் ஹேஷ் மதிப்பும் வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்தும் வேண்டும். ஆனால் அது இல்லையென்றால் வழக்கு அன்றே செத்தது என்று நினைக்காதீர்கள். அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் கட்டாயம் என்றது. அதோடு, விசாரணை முடிவதற்குள் கோர்ட் அனுமதியோடு தாக்கல் செய்யவும் இடம் வைத்துத்தான் சொன்னது.

தொழில்நுட்ப ஓட்டையை எப்படி அடைத்தோம் என்றால், குற்றப்பத்திரிகை வந்ததும் ஒரு டிஜிட்டல் தடயவியல் ஆளைத் தனியாக, சில மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்தினோம். மெமரி கார்டில் உள்ளதும் ஆவணமே, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாக அதன் நகலைக் கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டிருந்தால் வக்கீலோடும் நிபுணரோடும் போய்ப் பார்க்கலாம் என்று 2019-ல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வந்தவர், எது எப்போது நடந்தது என்று கணினி தானாக எழுதிவைக்கும் லாக் பதிவைப் புரட்டிவிட்டு 13:52 என்ற வரியில் விரலை வைத்தார். குற்றப்பத்திரிகையில் அது மதியம் 1:52 ஆகியிருந்தது. ஆனால் லாக் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இரவு 7:22. அந்த நேரத்தில் தம்பி வேலை செய்யும் இடத்தில் பஞ்ச் அடித்து உள்ளே இருந்திருக்கிறான். நியாயமாகச் சொன்னால், லாக் நேரத்தைக் கவனியுங்கள் என்று எங்களுக்கு முதலில் சொன்னவர் அந்த ஸ்பெஷலிஸ்ட்தான். கன்சல்டேஷனுக்குக் கொடுத்த காசு வீணாகவில்லை.

இலவச சட்ட உதவி பற்றியும் ஒரு வார்த்தை. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே கிடைக்கும், எண் 15100. நாங்கள் அந்த வழியில் போகவில்லை, அதனால் தரம் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

எங்களுடையது அக்கவுண்ட் சம்பந்தப்பட்ட வழக்கு, எஃப்ஐஆரும் சொந்த மாவட்டத்திலேயே. சர்வர் ஊடுருவல், சோர்ஸ் கோட் திருட்டு என்று வழக்கின் உயிரே தொழில்நுட்பத்தில் இருந்தால் நானும் மாமா கட்சிக்குத் தாவியிருப்பேன். எஃப்ஐஆர் வேறு மாநிலத்தில் என்றால் உள்ளூர் வக்கீலை வைத்து இடைக்கால முன்ஜாமீன் வரைதான் சமாளிக்கலாம், அதன்பின் அந்த ஊரில் ஆள் தேட வேண்டும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் ஜெயித்த கதையாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். போனைத் திரும்பக் கேட்டு மனு போடலாமா என்று வாய்தாவுக்கு வாய்தா தம்பி நச்சரிக்கிறான். "போன்ல உள்ளதோட நகல் நம்ம கைக்கு வரட்டும். அதுவரைக்கும் ஆய்வக சீலோட கோர்ட்லயே கிடக்கட்டும்" என்கிறார் வக்கீல். பட்டன் போனோடு அலைகிறான்.