தோட்டத்து மாண்டிசோரி: சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள ஒரு தாயின் அனுபவம்

கோவைக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள் நடக்கும் ஒரு மாண்டிசோரி பள்ளியில் (குழந்தை தன் வேலையைத் தானே தேர்ந்து, கையால் செய்து கற்கும் முறை) என் மகன் மூன்று வயதில் சேர்ந்து ஆறு வயது முடியும்வரை படித்தான். இப்போது வேறொரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அங்கே படித்தபோதே எழுதியிருந்தால் வெறும் பூரிப்பாகத்தான் இருந்திருக்கும். வெளியே வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் எது அவனிடம் நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிகிறது. பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்படி ஒரு பள்ளியைத் தேடுகிற எல்லோருக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

"பண்ணைக் கல்வி மாண்டிசோரி அம்மையாரே சொன்னது" என்று அறிமுகக் கூட்டங்களில் சொல்வார்கள். இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு பாதி உண்மை. நிலத்தில் தங்கி, பயிர் வைத்து, விளைந்ததை விற்று, கணக்கெழுதிப் படிக்கும் 'எர்ட்கிண்டர்' திட்டத்தை அவர் வகுத்தது 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக. மூன்று வயதுக் குழந்தைக்கு அது பொருந்தாது. ஆனால் சின்னக் குழந்தைகளை அவர் மண்ணிலிருந்து தள்ளியும் வைக்கவில்லை. 1907இல் ரோமில் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். 1909இல் வந்த அவருடைய முதல் நூலிலேயே செடி வளர்ப்புக்கும் பிராணி வளர்ப்புக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. ஆசிரியர் குழந்தையைக் கவனிக்கிறார், குழந்தை செடியைக் கவனிக்கிறது. தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும் என்பதை யாரும் அதட்டிச் சொல்லாமலே குழந்தை புரிந்துகொள்ளும் என்பதுதான் அதன் சாரம். 1939இல் அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, குழந்தைகள் இயற்கையோடு பழகுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். நம் ஊருக்கும் இந்த முறைக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு உண்டு.

அதனால் எத்தனை ஏக்கர் என்ற கேள்வி இந்த வயதுக்குத் தேவையில்லை. எங்கள் பள்ளியில் ஏக்கர் கணக்கில் தோப்பு இருந்தது. குழந்தைகள் உண்மையில் புழங்கியது வகுப்பறையை ஒட்டிய இரண்டு மூன்று சென்ட், ஒரு கோழிக்கூண்டு, ஒரு மாட்டுக்கொட்டகை. அதுவே தாராளம்.

முதல் வருடம் எனக்குத் திருப்தியில்லை. வாரத்தில் ஒரு நாள், வரிசையாகக் கூட்டிப்போய் மாட்டைக் காட்டுவார்கள், ஆளுக்கொரு விதை ஊன்றுவார்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். அந்த விதைக்கு அப்புறம் தண்ணீர் விட்டது தோட்டத்து ஆள். என் மகனுக்கு அது சுற்றுலா, அவ்வளவுதான். பெற்றோர் சிலர் சேர்ந்து இதைப் பேசினோம். பள்ளியும் காது கொடுத்துக் கேட்டது. அடுத்த வருடம் காலையில் நடக்கும் மூன்று மணி நேர வேலை நேரத்தில் தோட்டத்துப் பக்கக் கதவையும் திறந்துவைத்தார்கள். அளவு வாரியாக அடுக்கும் கட்டைகளான பிங்க் டவரை எடுப்பதா, எண்ணப் பழகும் மணிகளை எடுப்பதா, பாத்திக்குத் தண்ணீர் விடுவதா என்பதைக் குழந்தையே முடிவு செய்யலாம். வெளியே ஒரு அக்கா எப்போதும் இருப்பார். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் பண்ணை என்பது பள்ளியானது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் தருவார்கள். பேசக் கூடாது, ஓரமாக உட்கார வேண்டும். தக்காளி நாற்று நட்டிருந்தார்கள். மகன் சின்னப் பூவாளியைத் தூக்கிவந்து, தலைக்கு மேல் பிடித்து ஊற்றினான். மண் கரைந்து ஓடி வேர் வெளியே தெரிந்தது, நாற்று சாய்ந்துவிட்டது. எனக்கு எழுந்துபோய்க் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்போல் துடித்தது. பக்கத்திலிருந்த அக்கா வாய் திறக்கவில்லை. அவன் குத்தவைத்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். இரண்டு கையாலும் மண்ணை வழித்து வேரை மூடி, தண்டைச் சுற்றி அமுக்கினான். அடுத்த செடிக்கு வாளியின் மூக்கை மண்ணை ஒட்டித் தாழ்த்தி, தண்டுக்கு ஒரு சாண் தள்ளி ஊற்றினான். வகுப்பறையில் ஜாடியிலிருந்து ஜாடிக்குச் சிந்தாமல் ஊற்றிப் பழகிய கைதான் அது. உள்ளே சிந்தினால் துணி எடுத்துத் துடைத்தால் போதும். வெளியே சிந்தினால் ஒரு நாற்று போய்விடும். தப்பு தானாகவே தெரியும்படி பொருளை அமைப்பது மாண்டிசோரி முறையின் அடிப்படை. தோட்டத்தில் அதை யாரும் அமைக்க வேண்டியதில்லை.

கடைசி வருடம் ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை போட்டார்கள். குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் இருக்குமா தெரியவில்லை. விதை கைக்குப் பிடிக்கும் அளவு, ஒரு வாரத்துக்குள் முளை தெரிந்துவிடும். மஞ்சள் பூ பூத்து, பூவின் அடியிலிருந்து விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில்தான் குழந்தைகள் கட்டிப்போட்ட மாதிரி நின்றார்கள். 40, 45 நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைத்த பிறகு செடியைக் கிளறக் கூடாது. கிளறினால் விழுது அறுந்து காய் பிடிக்காது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா இதை ஒரே தடவைதான் சொன்னாராம். வீட்டில் என் மாமனாரிடம், "தாத்தா, விழுது எறங்கிருச்சு, இனி யாரும் தொடக் கூடாது" என்று மகன் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். பிடுங்குவதற்கு ஏறக்குறைய 105 நாள் ஆகும். ஐந்தரை வயதுக் குழந்தை அத்தனை நாள் ஒரு வேலையை மனதில் வைத்துக் காத்திருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பிடுங்கிய காயைப் பத்துப் பத்தாகக் குவித்து, பத்துக் குவியல் சேர்ந்ததும் நூறு என்று வகுப்பறையில் எண்ணப் பழகும் தங்க நிற மணிகளோடு வைத்து எண்ணினார்கள். அவனுக்கு நூறு என்பது அன்றிலிருந்து எழுத்தில்லை, எடை.

வீட்டில் எதிர்ப்பும் இருந்தது. "ஏங் கண்ணு, பணத்தையும் கட்டி, சாணி அள்ளறதுக்கா புள்ளைய அனுப்பறீங்க?" என்று அத்தை கேட்டார். நான் அதைப் பழமைவாதம் என்று தள்ளவில்லை. வயல்காட்டு வேலையிலிருந்து பிள்ளைகளை மீட்கத்தான் அவர்கள் படிக்க வைத்தார்கள். சாணி அள்ளுவது சிலருக்கு விதிக்கப்பட்ட வேலையாகவும் வேறு சிலருக்கு ஆகாத வேலையாகவும் இருந்த ஊர் இது. எல்லா வீட்டுக் குழந்தையும் ஒரே முறத்தை மாற்றி மாற்றி எடுத்துக் கொட்டகையைக் கூட்டுவதில் எனக்கு ஒரு நியாயம் தெரிந்தது. அத்தைக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, அதையும் மதிக்கிறேன்.

உடம்பு விஷயத்தில் கவனம் வேண்டும். வெறுங்காலோடு மண்ணில் நடப்பதால் கொக்கிப்புழு தொற்ற வாய்ப்புண்டு. அரசு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையை இங்கேயும் விடாமல் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்து வயதில் போடும் முத்தடுப்பு ஊக்கத் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். டெட்டனஸுக்கும் அதுதான் பாதுகாப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாம்பு வரும். எங்கள் பள்ளியில் வரப்போரப் புல்லை ஒட்ட வெட்டி, முழங்கால்வரை பூட்ஸ் போடவைத்தார்கள். கொசுக்கடிக்கு மட்டும் கடைசிவரை சரியான வழி பிறக்கவில்லை.

எனக்கு நிஜமான மனக்குறை தமிழில்தான். ஆங்கிலத்துக்கு விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்து, எடுத்து அடுக்கிச் சொல் அமைக்கும் நகரும் எழுத்துப் பெட்டி, படச்சீட்டு என்று எல்லாம் முழுமையாக இருந்தது. தமிழுக்குக் கையால் செய்த உயிரும் மெய்யும் மட்டும். உயிர்மெய்க்கு வரும்போது குழந்தைகள் தடுமாறினார்கள். இத்தனைக்கும் வெளியே தாத்தாவிடம் வரப்பு, மடை, தும்பு, சீம்பால், களைக்கொத்து என்று சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவற்றுக்கே படச்சீட்டு எழுதி உள்ளே வைத்திருந்தால் தமிழ் வாசிப்பு தானாக வந்திருக்கும். பலமுறை கேட்டும் நடக்கவில்லை. கொம்பும் காலும் துணையெழுத்தும் வீட்டில் நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம்.

ஒன்றாம் வகுப்புக்கு மாறியபோது கணக்கு அவனுக்குச் சுலபமாக இருந்தது. எழுத்து அழகாக வந்தது, வேகம் வரவில்லை. முதல் சில மாதங்கள் மணி அடித்ததும் பாதியில் மூடிவைக்கச் சொல்வதை அவனால் ஏற்கவே முடியவில்லை. "முடிக்கலியே" என்று அழுதான். இப்போது பழகிவிட்டான். வீட்டில் தட்டைக் கழுவி வைப்பது, சிந்தியதைத் தானே துடைப்பது, சின்னப் பிள்ளைக்குப் பொறுமையாகக் காட்டிக்கொடுப்பது எல்லாம் அப்படியே நிற்கின்றன. செடியின் பெயர்களில் பாதி மறந்துவிட்டது.

மாண்டிசோரி என்ற பெயருக்கு யாரும் உரிமையாளர் இல்லை, எவரும் பலகை மாட்டலாம். அதனால் ஆசிரியர்கள் பயிற்சி எங்கே பெற்றார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ஒரே வகுப்பில் ஒன்றாக இருக்கிறார்களா பாருங்கள். விளக்கக் கூட்டத்துக்குப் போவதைவிட, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் அனுமதி கேட்டுப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தண்ணீர் விடுவது யார், குழந்தையா ஆளா என்று கவனியுங்கள். கருவிகளைத் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பொம்மை மண்வெட்டி என்றால் யோசியுங்கள், சின்னதாக இருந்தாலும் இரும்புதான் மண்ணை வெட்டும்.

மகளுக்கு வரும் ஜூனில் மூன்று வயது முடிகிறது. அதே பள்ளியில்தான் சேர்க்கிறோம். பேருந்தில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்பது அந்த வயதுக்கு அதிகம். ஆகவே முதல் வருடம் நானே கொண்டுபோய் விட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் கூட்டிவந்துவிடலாம் என்று பள்ளியில் பேசி வைத்திருக்கிறேன்.