மிஸ்டா, ஃபாகா?

ஏற்காட்டுப் பனியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் பலர் மிஸ்ட், ஃபாக் இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறார்கள். இரண்டும் காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள்தாம், வேறுபாடு அடர்த்தியில். பார்வை 1 கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கினால் ஃபாக், அதற்கு மேல் தெரிந்தால் மிஸ்ட் என்பது வானிலையாளர் கணக்கு.

ஏரிமேல் காலையில் படரும் மெல்லிய திரைக்கு மிஸ்ட் அழகாகப் பொருந்தும். ஃபாக் வழியை மறைப்பது. தெளிவில்லாத மனநிலையையும் ஆங்கிலத்தில் அச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். சேலத்திலிருந்து ஏறும் பாதையில், கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸே தெரியாதபோது மிஸ்ட் என்று எழுதுவது ஆபத்தைக் குறைத்துக் காட்டும். எச்சரிக்கைப் பலகையில் ஃபாக் என்றே எழுத வேண்டும். சுற்றுலா விளம்பரத்துக்கு மிஸ்ட் போதும்.