88 கிலோவிலும் 70 கிலோவிலும் டேட்டிங் செயலிகள்: நீண்ட கால அனுபவம்

பல வருடங்களாகச் சிங்கப்பூரில் டேட்டிங் செயலிகளைப் பயன்படுத்தி வருகிறேன். ஆரம்பத்தில் 88 கிலோ, இப்போது 70. அதே வேலை, அதே பேச்சு, புரொஃபைலில் எழுதியிருப்பதும் ஏறக்குறைய அதேதான், மாறியது உடம்பும் படங்களும் மட்டும். எடை நிஜமாகவே அவ்வளவு பார்க்கப்படுகிறதா என்று தோழிகள் கேட்பார்கள். ஆமாம், ரொம்பவே. ஆனால் அதெல்லாம் முதல் சந்திப்பு வரைக்கும்தான்.

88 கிலோவில் மேட்ச், அதாவது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்று குறிப்பது, வருவதே அபூர்வம். வந்தாலும், நாள் கணக்கில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று "முழு உயரப் படம் இருக்கா?" என்பார், அனுப்பியதும் பேச்சு நின்றுவிடும். இங்கே வசிப்பவர்களில் இந்தியர்கள் சுமார் 9 சதவீதம்தான், அதிலும் தமிழ் பேசுகிற, வயது ஒத்துவருகிற ஆள் வேண்டும் என்றால் மிஞ்சுவது கொஞ்சம் பேர், அவர்களும் படத்தைப் பார்த்தே தள்ளிவிட்டால் என்ன செய்வது? சொந்தக்காரர்கள் மூலம் வரும் வரன்களிலும் எடையைப் பேசினார்கள். "கொஞ்சம் இளைச்சா நல்லா இருக்கும்மா" என்று அத்தை முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆனால் அங்கே படிப்பு, குடும்பம், குணம் என்று பேச நாலு விஷயம் இருந்தது. செயலியில் படம்தான் முதலில், பல நேரம் கடைசியும் அதுதான்.

நான் எடையைக் குறைத்தது மாப்பிள்ளைக்காக இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கும் இருந்தது. சிங்கப்பூர்க் கணக்கில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 23ஐத் தொட்டாலே சர்க்கரை, இதய நோய் வரும் இடர் கூடுகிறது, 27.5க்கு மேல் அதிக இடர், ஏனென்றால் ஆசியர்களுக்கு அதே பிஎம்ஐயில் உடல் கொழுப்பு பொதுவாக அதிகம். 165 செ.மீ. உயரத்துக்கு நான் 32ல் இருந்தேன். ஆக்டிவ்எஸ்ஜி என்ற பொது ஜிம், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நடை, தேத்தண்ணீர் கோசோங் (சர்க்கரை போடாத தேநீர்), ராத்திரிப் புரோட்டாவுக்கு முழுக்கு. மெதுவாகத்தான் இறங்கியது. இப்போதும் 25.7, டாக்டர் இன்னும் குறைக்கச் சொல்கிறார். செயலியில் இருப்பவர்களோ "ஃபிட்டா இருக்கீங்க" என்கிறார்கள்!

படங்களை மாற்றிய வாரத்திலிருந்தே மேட்ச் கூடிவிட்டது, முன்பு என்னைக் கண்டுகொள்ளாத மாதிரி ஆட்கள்கூட முதலில் பேச வந்தார்கள். அது சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், கூடவே கோபமும் வந்தது. ஒருவர் முதல் சந்திப்பிலேயே என் பழைய படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "எடை திரும்ப ஏறிடாதுல்ல?" என்றார். நாளைக்குக் குழந்தை பெற்று, ஏதாவது மருந்து சாப்பிட்டு எடை கூடினால் இவர் என்ன செய்வார் என்று நினைத்தேன். கோப்பியை முடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன், இன்று நினைத்தாலும் அது சரிதான் என்றே படுகிறது. முதல் சந்திப்பு கூடியதே தவிர, இரண்டாவது சந்திப்பு வரை போனவர்கள் அப்போதும் இப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்தான்: கேட்டுப் பேசத் தெரிந்தவர்கள், நேரத்துக்கு வருகிறவர்கள், பரிமாறுகிறவரிடம் மரியாதையாக நடப்பவர்கள்.

உடற்பயிற்சி எனக்கு நிஜமாகக் கொடுத்தது வேறு. மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறது, ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசும்போது வயிற்றை மறைக்கத் துப்பட்டாவை இழுத்துவிடுகிற பழக்கம் போய்விட்டது. அப்புறம், சாயங்கால ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒருவர், என்னைவிடப் பருமன், வேகமும் குறைவுதான், ஆனால் கடைசியாக வருகிறவர் முடிக்கும்வரை தண்ணீர்ப் பாட்டிலோடு காத்திருப்பார். எனக்கு ஈர்ப்பு வந்தது அதைப் பார்த்துத்தான். செயலியில் அவர் படம் வந்திருந்தால் நானுமே தாண்டிப் போயிருக்கலாம்.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த மாதம் எடுத்த முழு உயரப் படத்தையே முதலில் போடுங்கள். மேட்ச் குறையும், குறையட்டும், வருகிறவர் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.