மஸ்டாங்கில் ஒற்றைத் துண்டு அலுமினிய ஷாஃப்ட்: ஏற்காட்டு வளைவுகளில் ஓட்டிய பிறகு

என் மஸ்டாங்கில் இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாயை, அதாவது ஷாஃப்டை, ஒற்றைத் துண்டு அலுமினியமாக மாற்றினேன். 'வண்டி வேகமாகிவிட்டதா?' என்று எல்லோரும் கேட்கிற கேள்விக்கு முதலில் பதில்: வேகமாகிவிடவில்லை. ஷாஃப்ட் மாற்றி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஏற்காடு, தொப்பூர் கணவாய், பெங்களூரு நெடுஞ்சாலை என்று ஓட்டாத ரோடு இல்லை. ஸ்டாப்வாட்ச்சில் தெரிகிற மாதிரி எதுவும் மாறவில்லை, பெட்ரோல் செலவும் குறையவில்லை. ஆனாலும் பழையதை நான் திரும்ப மாட்டப் போவதில்லை.

வண்டி ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 2016இல் இந்தியாவுக்கு வந்த 5 லிட்டர் வி8, 401 பிஎஸ், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் எடுத்தது. கம்பெனி போட்டு அனுப்பியது இரண்டு துண்டு ஸ்டீல் ஷாஃப்ட், நடுவில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங். அந்த ரப்பர் நைந்துபோய், ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் விட வேண்டும், மிதிக்க வேண்டும். ஏரி கண்ணில் படுவதற்குள் மனுஷனுக்கு எரிச்சல் வந்துவிடும். எப்படியும் கை வைக்க வேண்டிய இடம், லேசானதாகவே போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

சுற்றுகிற பாகத்தில் எடை குறைந்தால் வண்டி சீறிப் பாயும் என்று, விற்பவர்கள் 'சுழலும் எடை' என்று ஒரு மந்திரம் ஓதுவார்கள். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது பழையதற்கும் புதியதற்கும் 8 கிலோ போல வித்தியாசம் இருந்தது. ஆனால் அந்த எடை சுற்றுவது மையத்திலிருந்து நாலைந்து சென்டிமீட்டருக்குள்தான். சக்கரத்தில் இருப்பதுபோல வெளி ஓரத்தில் இல்லை. பின் ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்ற ஷாஃப்ட் எத்தனை தடவை சுற்றுகிறது என்பது, சுமார் 3.5 என்று வைத்தால், சுழற்சியால் வரும் கூடுதல் லாபம் வண்டியிலிருந்து இன்னொரு 2 கிலோவை இறக்கியதற்குச் சமம், அவ்வளவுதான். ஆக மொத்தம் 10 கிலோ. 1,700 கிலோவைத் தாண்டும் வண்டியில் அது டிக்கியில் ஒரு அரிசிப் பை இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி விஷயம்.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் அப்பா காலத்து லாரிக் குழி இருப்பதால் வேலையை அங்கேயே முடித்தோம். குழி இருந்தாலும் பின் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கியே ஆக வேண்டும். ஷாஃப்டின் முனையை இணைக்கும் வட்டத் தட்டில், அதாவது ஃபிளாஞ்சில், இருக்கும் போல்ட்டுகளில் ஒன்றோ இரண்டோதான் கைக்கு எட்டும், மற்றதைக் கீழே கொண்டுவர ஷாஃப்டைச் சுற்ற வேண்டும், அதற்குச் சக்கரம் சுற்ற வேண்டும். நியூட்ரலில் போட்டு முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் யாரும் அடியில் போக வேண்டும். ஷாஃப்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், சக்கரத்தோடு ஏறி இறங்காமல் அடிச்சட்டத்தில் (சப்ஃபிரேமில்) உட்கார்ந்திருப்பதால், சக்கரம் தொங்கினாலும் ஷாஃப்டின் கோணம் மாறாது. சைலன்சர் நடுக்குழாயையும் ஹீட் ஷீல்டையும் கழற்றுவதுதான் பாதி நேரம். போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சில் முறுக்கினோம். மற்றதெல்லாம் சாதாரண ஸ்பேனர் வேலை.

சிக்கல் ரோட்டில்தான் வந்தது. ஓமலூர் பக்கம் போகும்போது 110 தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்று சுற்றுகிறது. பேலன்ஸ் கொஞ்சம் பிசகினாலும் உடம்புக்குத் தெரிந்துவிடும். லாரி ஷாஃப்ட் பேலன்ஸ் பண்ணும் மேஸ்திரி ஒருவரிடம் போனேன். சுற்றிலும் லாரி ஷாஃப்டுகள் அடுக்கிக் கிடக்க, இதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, லாரிக்காரன் ரெண்டு துண்டு, மூணு துண்டுன்னு போடறது காசு அதிகமாயா?" என்றார்.

நியாயமான கேள்வி. நீளமான குழாய் ஒரு வேகத்துக்கு மேல் சுற்றினால் நடுவில் வளைந்து ஆட ஆரம்பிக்கும். நீளத்தைப் பாதியாக்கினால் அந்த ஆபத்தான வேகம் நாலு மடங்கு மேலே போய்விடும். கம்பெனி இரண்டாக வெட்டி நடுவில் பேரிங் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அலுமினியம் என்பதால் மட்டும் இது தீராது. எடைக்கு விறைப்பு என்று பார்த்தால் ஸ்டீலும் அலுமினியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காப்பாற்றுவது குழாயின் பருமன். அதனால் வாங்கும்போது உலோகத்தின் பெயரை விட்டுவிட்டுக் குழாயின் விட்டத்தையும், தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் உச்சச் சுற்று வேகத்தையும் பாருங்கள்.

பேலன்ஸ் சரிசெய்யும் எடைத் துண்டை அலுமினியத்தில் வெல்டு வைக்க மாட்டேன் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பின் ஃபிளாஞ்சைக் கழற்றி, அரைச் சுற்று தள்ளி மாட்டிப் பார்க்கச் சொன்னார். டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சுக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள சின்னச் சின்னப் பிசகுகள் ஒரே பக்கம் சேராமல் எதிரெதிராக விழுந்தால் நடுக்கம் அடங்கிவிடுமாம். அடங்கியது. நடுக்கம் எங்கே என்று இப்போது தேடினால்தான் தெரியும்.

மலையில்தான் பலன். மிதித்த உடனே பின் சக்கரம் தள்ளுகிறது, அந்த 'டொக்' போயே போய்விட்டது. இதில் பாதிப் பெருமை நைந்த ரப்பர் போனதற்குத்தான்; புது கம்பெனி ஷாஃப்ட் போட்டிருந்தாலும் பெரும்பகுதி கிடைத்திருக்கும். ரப்பர் நன்றாக இருப்பவர்கள் இந்தக் காசை டயரில் போடலாம்.

விலை கொடுத்தது அமைதியில். டிஃபரன்ஷியலின் இரைச்சலை அடக்கிய ரப்பர் இல்லாததால், அறுபது, எழுபதில் மெல்லிய ஊளைச் சத்தம் உள்ளே வருகிறது. "ஏங்க, பின்னாடி யாரோ விசில் அடிக்கிற மாதிரி இல்ல?" என்று வீட்டில் கேட்டார்கள். பாட்டு போட்டால் தெரியாது.

ஒற்றைத் துண்டில் முன் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கிக் கொடுக்கும் மூட்டு) உடைந்தால் குழாய் தரையில் குத்தும். அதனால் முன்பக்கம் ஒரு இரும்பு வளையம் மாட்டியிருக்கிறேன், அடிவாரத்து வேகத்தடைகளில் தட்டாத அளவுக்கு. ஆயில் மாற்றும்போதெல்லாம் கிராஸுக்கு கிரீஸ். மழை முடிந்ததும் ஸ்டீல் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைக்கிறேன். பழைய ஷாஃப்டுக்குப் புது சென்டர் பேரிங் போட்டு, எண்ணெய் தடவி ஷெட் பரணில் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும்போது, வாங்குகிறவர் சத்தமில்லாத வண்டிதான் வேண்டும் என்றால் மாட்டிக் கொடுத்துவிடலாம்.