டொமிட்டியானஸா, ஸ்பான்சியானஸா? எந்தக் காசை நம்பலாம்

மூணாம் நூற்றாண்டு ரோம்ல கையில படை இருந்தவன்லாம் நான்தான் சக்ரவர்த்தின்னு கிளம்பினான், கிளம்பின கையோட தன் மூஞ்சியப் போட்டு காசும் அடிச்சான், ஏன்னா சிப்பாய்க்கு சம்பளம் குடுக்கணும், ராஜா மாறிட்டார்ங்கிற சேதியும் அந்தக் காசோடயே ஊர் ஊரா போயிரும். அப்படி வந்ததுல ரொம்ப அபூர்வமான ரெண்டைத்தான் இங்க பக்கத்துல வச்சு பாக்கப் போறேன்.

முதல்ல டொமிட்டியானஸ், கி.பி. 271 வாக்குல அப்படி கிளம்பினவர். 1900ல பிரான்ஸ்ல இவர் காசு ஒண்ணு கிடைச்சுது, போலின்னு ஒதுக்கிட்டாங்க. அப்புறம் 2003ல இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் சால்க்ரோவ்ங்கிற ஊர்ல மெட்டல் டிடெக்டர் வச்சு தேடினவருக்கு ஒரு பானை சிக்குது, உள்ள சுமார் 5,000 காசு, களிம்பு ஏறி ஒண்ணோட ஒண்ணு கட்டியா ஒட்டிக் கிடக்கு. பிரிட்டிஷ் மியூசியத்துல பிரிச்சு எடுத்தப்போ அதுல ஒரு காசுல இவர் நிக்கிறார்: தாடி, தலையில கதிர் கதிரா கூர் கிரீடம், பின்பக்கம் ‘கான்கார்டியா மிலிட்டம்’, அதாவது படையோட ஒற்றுமை. அந்த ஒற்றுமை எத்தனை நாள் தாங்குச்சோ பாவம். முக்கியமான விஷயம், ரெண்டு காசும் ஒரே அச்சுல அடிச்சது, அதனால நூறு வருஷமா போலின்னு பேர் வாங்கினதும் நிஜமாயிடுச்சு. சோசிமஸ்ங்கிற பழைய வரலாற்று ஆசிரியர் எழுதினதுலயும் ஆரேலியன் சக்ரவர்த்தி காலத்துக் கலகக்காரங்க வரிசையில இந்தப் பேர் இருக்கு.

அடுத்தது ஸ்பான்சியானஸ் தங்கக் காசு, 1713ல டிரான்சில்வேனியால, அதாவது இன்னைக்கு ருமேனியா இருக்கிற இடத்துல, கிடைச்சதா சொல்றது. 2022ல மைக்ராஸ்கோப்ல பாத்து, தேய்மானக் கீறல் இருக்கு, மண் படிஞ்சிருக்கு, அசல்தான்னு ஒரு ஆய்வு வந்துச்சு. ஆனா காசு அச்சுல அடிச்சது இல்ல, உருக்கி ஊத்தின வார்ப்பு. பின்பக்கம் அவருக்கு முன்னூறு வருஷத்துக்கும் முந்தின வெள்ளிக் காசோட நகல். எந்த வரலாற்று ஆசிரியரும் அவர் பேரைச் சொல்லல. ரோமோட தொடர்பு அறுந்த டாசியால (அந்தப் பகுதில இருந்த ரோம மாகாணம்), கையில தங்கம் மட்டும் இருந்தப்போ உள்ளூர்லயே வார்த்திருப்பாங்கங்கிற வாதம் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு காசுல ஒட்டியிருந்த மண்ணை விட, காசெல்லாம் ஒட்டிக் கிடந்த சால்க்ரோவ் பானைதான் பெரிய சாட்சி. என் ஓட்டு டொமிட்டியானஸுக்கு.

இது ரெண்டும் நாம வாங்கற சமாச்சாரம் இல்ல. கலகக்காரன் காசு ஒண்ணு கையில வேணும்னா பகாட்டியானஸ் பாருங்க, அதுவும் அபூர்வம்தான், ஆனா ஏலத்துக்கு வரும். 248ல இன்னைக்கு செர்பியா இருக்கிற இடத்துல கிளம்பினவர். அவர் காசு ஒண்ணுல ‘என்றும் நிலைக்கும் ரோம், ஆண்டு 1001’ன்னே பொறிச்சிருக்கும் (ரோம் நகரம் உண்டானதுல இருந்து எண்ணின வருஷம்), இப்படி வருஷம் போட்ட ரோமக் காசு ரொம்பக் கம்மி. வாங்கறதுக்கு முன்னாடி பழைய ஏலத்துல வந்த ஆதாரம் இருக்கான்னு கேட்டுக்கோங்க.