அந்த 30 சென்ட்: ஆறு ஆண்டு ஆன்லைன் விற்பனை அனுபவம்

எம்பிராய்டரி வரைபடங்களைப் பிடிஎஃப் கோப்புகளாக இணையத்தில் விற்று வருகிறேன். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு படம் 5 டாலர். வாங்குபவர் கார்டு எண்ணைப் போட்ட அடுத்த நொடியில் கோப்பு அவருக்குப் போய்விடும். இரண்டு மூன்று நாட்களில் பணம் என் கணக்குக்கு வந்துவிடும். நடுவில் இருக்கும் பேமென்ட் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும். அந்தப் பங்கு நியாயமா என்று புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் கேட்கிறார்கள். செய்கிற வேலைக்கு நியாயம்தான். ஆனால் ஐந்து டாலர் பொருளுக்கும் ஐந்நூறு டாலர் பொருளுக்கும் ஒரே சூத்திரத்தை வைத்திருப்பது நியாயமில்லை.

சூத்திரம் பலருக்கும் தெரிந்ததுதான். ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் நிறுவனம் அமெரிக்காவில் பரவலாக்கிய விகிதம்: 2.9 சதவீதம், அதன்மேல் பரிவர்த்தனைக்கு 30 சென்ட். என் நிறுவனமும் இதே கணக்கில்தான் பிடிக்கிறது. அவர்களிடம் சேர்ந்தபோது நான் அந்த 2.9ஐ மட்டுமே பார்த்தேன். நூறு டாலருக்கு மூன்று டாலர் போனால் போகட்டும் என்று நினைத்தேன். பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த 30 சென்ட் கண்ணில் பட்டது, மனதில் பதியவில்லை.

முதல் மாத அறிக்கை வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 டாலர் விற்பனைக்குப் பிடித்தம் 3.20 டாலர், அதாவது 3.2 சதவீதம். என் 5 டாலர் படத்துக்கு 44.5 சென்ட், கிட்டத்தட்ட 9 சதவீதம். அப்போது பழகுபவர்களுக்கென்று 2 டாலரில் ஒரு சின்னப் பூ வரைபடமும் வைத்திருந்தேன். அதில் போனது ஏறத்தாழ 36 சென்ட், சுமார் 18 சதவீதம். மலிவாக இருக்கட்டும் என்று யார் விலையைக் குறைக்கிறாரோ அவரிடமே அதிகம் பிடுங்குகிற கணக்கு இது.

இருந்தாலும் இந்த நிறுவனங்களை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வராது. அவர்கள் இல்லாமல் விற்ற காலத்தையும் பார்த்திருக்கிறேன். தொடங்கிய முதல் சில மாதங்கள் மின்னஞ்சலில் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பிப் பணம் வாங்கினேன். இரவு உணவு முடிந்ததும் கணக்கைத் திறந்து, வந்த தொகை யாருடையது என்று பெயர் பெயராகத் தேடுவேன். மனைவி வாங்கியிருப்பார், கணவர் கணக்கிலிருந்து பணம் வந்திருக்கும். ஒருவர் இரண்டு படத்துக்குச் சேர்த்து அனுப்பிவிட்டு எந்த இரண்டு என்று சொல்லியிருக்க மாட்டார். 'நாளை அனுப்புகிறேன்' என்றவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. கார்டு வசதி வந்த பிறகு இந்த வேலை முழுவதும் என் தலையிலிருந்து இறங்கியது. அதற்குக் கூலி கேட்பதில் தவறில்லை.

அந்தக் கூலி யார் யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சில ஆண்டுகள் ஆயின. பேமென்ட் நிறுவனத்துக்கு நிற்பது ஒரு பகுதிதான். ஒரு பெரிய பகுதி 'இன்டர்சேஞ்ச்' என்ற பெயரில், வாங்குபவருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகளுக்கு ஒரு சிறு பங்கு உண்டு. வங்கி வாங்கிக்கொள்ளும் பங்கிலிருந்துதான் கார்டுக்காரருக்கு வெகுமதிப் புள்ளிகளும் கேஷ்பேக்கும் பிறக்கின்றன. என்னிடம் படம் வாங்கியவர் என்றோ ஒரு நாள் விமான டிக்கெட்டில் தள்ளுபடி பெறுகிறார் என்றால், அதில் என் நூலும் ஊசியும் கொஞ்சம் இருக்கின்றன. இது தெரிந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. நான் கொடுப்பது வேலைக்கான கூலி மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கட்டணம் பற்றிப் பேசும்போது எல்லோரும் சதவீதத்தில் நின்றுவிடுகிறார்கள். கையைக் கடிக்கும் இடங்கள் வேறு.

ஒருமுறை ஒரு பெண்மணி ஒரே படத்தைத் தவறுதலாக இரண்டு முறை வாங்கிவிட்டார். மன்னிப்புக் கேட்டு எழுதினார். உடனே ஒரு 5 டாலரைத் திருப்பிவிட்டேன். அவருக்கு 5 டாலரும் போய்ச் சேர்ந்தது. எனக்கு அந்த 44.5 சென்ட் திரும்பவில்லை. பொருள் விற்கவே இல்லை, கட்டணம் மட்டும் போயிற்று. விதிகளை எடுத்துப் படித்தேன், தெளிவாகவே எழுதியிருந்தார்கள். துறையில் இன்று இதுதான் பொது வழக்கம். 2019இல் பேபால் என்ற பேமென்ட் நிறுவனம் இந்த முறைக்கு மாறியபோது விற்பனையாளர்கள் போட்ட சத்தம் கொஞ்சமல்ல. பணத்தை அங்கும் இங்கும் கொண்டுபோனதில் செலவு ஆகியிருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செலவு முழு 44.5 சென்ட் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

அதைவிடப் பெரிய அடி சார்ஜ்பேக்கில் விழுந்தது. மூன்றாம் ஆண்டு, படம் வாங்கிய ஒருவர் இரண்டு மாதம் கழித்துத் தன் வங்கியிடம் 'இந்தச் செலவு என்னுடையது இல்லை' என்று சொல்லிவிட்டார். 5 டாலரை வங்கி எடுத்துக்கொண்டது. பேமென்ட் நிறுவனம் தகராறுக் கட்டணமாக 15 டாலர் பிடித்தது. அவர் கோப்பைப் பதிவிறக்கிய நேரம், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் திரட்டி அனுப்பினேன். தோற்றேன். ஐந்து டாலர் படம் விற்று இருபது டாலர் இழந்த அந்த மாதம் வேறு எட்டுப் படங்கள்தான் விற்றிருந்தன.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. பிறகு அவருக்கு எழுதிக் கேட்டேன். கார்டு அறிக்கையில் என் கடைப் பெயருக்குப் பதில் பதிவு செய்த என் சொந்தப் பெயர் வந்திருக்கிறது. யாரோ முன்பின் தெரியாத ஆள் பணம் எடுத்துவிட்டதாகப் பயந்திருக்கிறார். அன்றே அமைப்புப் பக்கத்துக்குப் போய், அறிக்கையில் தெரியும் பெயரைக் கடைப் பெயராக மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. அதன்பிறகு இன்றுவரை ஒரு சார்ஜ்பேக்கும் வரவில்லை. கடை தொடங்குகிறவர்கள் விலை நிர்ணயிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

சிறு தொகைகளுக்கென்று தனி விகிதம் இருக்கிறது என்பது எனக்கு நான்கு ஆண்டுகள் தெரியாது. யாரும் சொல்லவில்லை, விலைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. சதவீதம் கூடும், நிலையான தொகை குறையும். பேபால் பல காலம் வைத்திருந்தது 5 சதவீதம், அதோடு 5 சென்ட். இந்தக் கணக்கில் என் 5 டாலர் படத்துக்கு 30 சென்ட்தான் ஆகும். 12 டாலர் வாக்கில் இரண்டு விகிதமும் சமமாகிவிடும். அதற்கு மேல் பழைய விகிதமே லாபம். என் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். மூன்று கடிதங்களுக்குப் பிறகு 'உங்கள் கணக்குக்கு இது பொருந்தாது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பெரிய கடைகள் பேரம் பேசி விகிதத்தைக் குறைத்துக்கொள்கின்றன என்பது ஊரறிந்த ரகசியம். பேரம் பேச எனக்கு இருப்பது மாதம் நாற்பது விற்பனை.

ஆகவே பொருளைத்தான் மாற்றினேன். மூன்று படங்களைத் தனித்தனியாக வாங்கினால் எனக்குப் போவது 1.33 டாலருக்கு மேல். ஒரே கூடையில் வாங்கினால் 73.5 சென்ட். அதனால் மூன்றைத் தொகுத்து 12 டாலருக்குத் தந்தேன். வாங்குபவருக்கு 3 டாலர் மிச்சம், பிடித்தம் 5.4 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று என் விற்பனையில் பாதிக்கு மேல் இந்தத் தொகுப்புகள்தான்.

அரசுகள் தலையிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இன்டர்சேஞ்சை டெபிட் கார்டுக்கு 0.2, கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம் என்று கட்டிப்போட்டது. நல்ல காரியம். ஆனால் வரம்பு வங்கியின் பங்குக்குத்தான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விகிதமாகக் கட்டுகிற என் போன்றவர்களிடம் அந்த மிச்சத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் நடுவில் இருப்பவர் விருப்பம். அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2011இல் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு 21 சென்ட்டும் 0.05 சதவீதமும் என்று உச்சவரம்பு வந்தது. அதற்கு முன்பு இரண்டு மூன்று டாலர் விற்பனைகளுக்குச் சில சென்ட்டுகளே போகும்படி சலுகை விகிதம் இருந்தது. கார்டு வலையமைப்புகள் அந்தச் சலுகையை எடுத்துவிட்டன. உச்சவரம்பே எல்லோருக்கும் விலையாகிவிட்டது. கட்டணத்தைக் குறைக்க வந்த சட்டத்தால் சில்லறை விற்றவர்களுக்குக் கட்டணம் ஏறியது.

கார்டைச் சுற்றிப் போகும் வழிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பிரேசிலில் அதே ஆண்டு நவம்பரில் மத்திய வங்கியே பிக்ஸ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தைத் தொடங்கியது. கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம் போகும்போது வெகுமதிப் புள்ளிகளுக்கு யாரும் படியளக்க வேண்டியதில்லை. இதற்கும் செலவு உண்டு, அதை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் சிறு தொகையை அனுப்ப 30 சென்ட் கட்டாயம் வேண்டும் என்பது இயற்கை விதி இல்லை என்று கண்முன் தெரிந்துவிட்டது. எல்லைகளைத் தாண்டி விற்கிற எனக்கு அது இன்னும் எட்டவில்லை. வேற்று நாட்டுக் கார்டு என்றால் கூடுதல் சதவீதம், நாணயம் மாற்றினால் இன்னொரு சதவீதம் என்றுதான் போய்க்கொண்டிருக்கிறது.

2 டாலர் பூ வரைபடத்தைப் போன ஆண்டு தனி விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். எந்தப் படத்தை வாங்கினாலும் அது இலவசம். சென்ற வாரம் ஒருவர் எழுதியிருந்தார்: 'எனக்கு அந்தச் சின்னப் பூ மட்டும்தான் வேண்டும், இரண்டு டாலரை எப்படி அனுப்புவது?' அனுப்ப வேண்டாம் என்று பதில் எழுதிக் கோப்பை இணைத்துவிட்டேன்.