கயாக்கிங் புக் பண்ணப்போறீங்களா, இத படிச்சிட்டு பணம் கட்டுங்க. எங்க 8,400 ரூபா போச்சு

8,400 ரூபா. நாலு பேருக்கு, தலைக்கு 2,100. ஞாயித்துக்கிழமை காலைல நடந்த விஷயம், இன்னைக்கு மதியம்தான் நாங்க புக் பண்ண ஆப்காரங்க கிட்டேந்து கடைசி மெயில் வந்துச்சு, "யுவர் டிக்கெட் இஸ் ரிசால்வ்ட்"னு. என்னத்த ரிசால்வ் பண்ணீங்க? ஒரு ரூபா திரும்பி வரல. அந்த கோவத்துலதான் ஒக்காந்து எழுதிட்டு இருக்கேன். சென்னை சுத்தி புதுசா கத்துக்கறவங்க கயாக், கனூ (ரெண்டும் துடுப்பு போட்டு ஓட்டற சின்ன படகுங்க) ஓட்ட ஏத்த எடம் எதெல்லாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதையும் கடைசில சொல்றேன், மொதல்ல இது.

ஆப் பேர சொல்லல, வக்கீல் சொல்ற வரைக்கும் சொல்ல வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்க. ட்ரெக்கிங், கேம்பிங், ஸ்கூபா எல்லாம் ஒரே எடத்துல புக் பண்ற மாதிரி இருக்குமே, அந்த மாதிரி ஒரு ஆப். அதுல "சன்ரைஸ் கயாக்கிங், ஈசிஆர் பேக்வாட்டர், 100 சதவீதம் பிகினர் ஃப்ரெண்ட்லி, சர்டிஃபைடு இன்ஸ்ட்ரக்டர், 6 வயசுலேந்து வரலாம்"னு போட்டிருந்துச்சு. ஈசிஆர்னா கிழக்கு கடற்கரை சாலை, பேக்வாட்டர்னா கடலோரத்து உப்பங்கழி. என் தங்கச்சி பையனுக்கு 9 வயசு, லீவுக்கு வந்திருந்தான், பெரியம்மா கயாக் பெரியம்மா கயாக்னு ஒரே நச்சரிப்பு. சரி நான், வீட்டுக்காரர், தங்கச்சி, பையன் நாலு பேரும் போலாம்னு முடிவு பண்ணோம்.

ஆப்ல அட்வான்ஸ் 2,000 மட்டும் கட்ட சொல்லிச்சு. கட்டின கையோட அதுலயே ஒரு நம்பர் வந்துச்சு, "உங்கள் ஹோஸ்ட்"னு. இந்த எடத்த நல்லா கவனிங்க, நான் குடுத்த நம்பர் இல்ல, எங்கயோ தேடி எடுத்த நம்பரும் இல்ல, ஆப்பே குடுத்த நம்பர்.

அந்த ஆள் பேசினதுதான் இப்பவும் காதுல இருக்கு. அவ்ளோ பொறுமையா பேசினான். "மேடம், தம்பிக்கு நீச்சல் தெரியுமா? தெரியாட்டியும் பரவால்ல. வெயிட் எவ்ளோ மேடம்?" நான் 26 கிலோன்னு சொன்னேன். "அப்போ கிட்ஸ் மீடியம் சரியா இருக்கும், ஆரஞ்சு கலர் ஒன்னு புதுசு வந்திருக்கு, அத தனியா எடுத்து வச்சிடுறேன், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். தம்பிய இன்ஸ்ட்ரக்டர் கூட டபுள் சீட்டர்ல முன்னாடி ஒக்கார வச்சிடலாம்." புள்ள வெயிட்ட கேட்டு ஜாக்கெட் எடுத்து வைக்கிறவன் எப்டி ஏமாத்துவான்னு யாரா இருந்தாலும் நினைப்பாங்க. தங்கச்சி கூட ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தா, "நல்ல ஆளா இருக்கான்க்கா"ன்னா. அந்த போன் முடிஞ்ச ஒடனே வாட்ஸ்அப்ல க்யூஆர் அனுப்பினான், வீக்எண்ட் ரஷ், ஸ்லாட் லாக் பண்ண பேலன்ஸ் 6,400 போட்டுடுங்கன்னு. போட்டாச்சு. 2,000 ப்ளஸ் 6,400, மொத்தம் 8,400.

ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சே முக்காலுக்கு வரணும்னு சொன்னான். நாலு மணிக்கெல்லாம் எழுந்து பெரம்பூர்லேந்து கெளம்பி போனோம். லொகேஷன் பின் கோவளம் தாண்டி ஒரு மண் ரோட்டுல கொண்டு போய் விட்டுச்சு, சுத்தி சீமைக்கருவேலம், ஒரு பக்கம் சேறு, கரைல ரெண்டு கயாக் கவுத்து போட்டிருக்கு. ஒரு ஈ காக்கா இல்ல. போன் அடிச்சா எடுக்கல. சூரியன் மேல வந்து நல்லா வெளுத்த பிறகு ஒரு பையன் ஸ்கூட்டில வரான், முன்னாடி கால் வைக்கற எடத்துல லைஃப் ஜாக்கெட்ட மூட்ட கட்டி வச்சிருக்கான். இன்ஸ்ட்ரக்டர் எங்கப்பான்னா "நான்தான்க்கா"ங்கறான். அவனுக்கே பதினெட்டு வயசு இருக்குமான்னு தெரியல. அந்த பையன் மேல எனக்கு கோவம் இல்ல, அவனுக்கு ஒரு நாளைக்கு என்ன குடுக்கறாங்களோ.

ஆரஞ்சு கிட்ஸ் ஜாக்கெட் எங்கன்னு கேட்டேன். அப்டி ஒன்னு இல்லவே இல்ல. எல்லாமே பெரியவங்க சைஸ், வெயில்ல வெளுத்துப்போன நீலம், ஒன்னுல பக்கிள் ஒடஞ்சு அதுக்கு பதிலா நைலான் கயிறு. பையனுக்கு ஒன்ன மாட்டி ரெண்டு தோள்பட்டையையும் புடிச்சு மேல தூக்கி பாத்தேன், அப்டியே காத தாண்டி மூஞ்ச மூடிருச்சு. தண்ணில விழுந்தா இதேதான் நடக்கும், ஜாக்கெட் மெதக்கும், புள்ள கீழ நழுவிரும். சின்ன பசங்க ஜாக்கெட்ல கால் நடுவுல ஒரு பட்டை இருக்கும், மேல ஏறாம இருக்க, அதெல்லாம் இதுல எங்க இருக்கு. "இடுப்பளவு தண்ணிதான்க்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு அந்த பையன் சொல்றான்.

அதோட விட்டுதா. வீட்டுக்காரர் கயாக்க நிமித்தி பாத்தார். பின்னாடி முனைல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள தண்ணி போயிருந்தா கரைல வச்சு வடிக்கறதுக்கு, அதுக்கு ஒரு மூடி திருகி இருக்கணும். உக்கார்ற எடத்துல இருக்கற ஓட்டைங்க வேற, அது மேல விழற தண்ணி கீழ எறங்கறதுக்கு, தெறந்துதான் இருக்கும், அத பாத்து யாரும் பயப்பட வேணாம். ஆனா இந்த மூடி இல்லன்னா கயாக்கோட வயித்துக்குள்ள தண்ணி ஏறும், மேல ஒக்காந்திருக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா கனமாகி ஒரு பக்கமா சாஞ்சு கவுந்துரும். இங்க மூடிக்கு பதிலா என்ன இருந்துச்சு தெரியுமா? பால் பாக்கெட் கவர சுருட்டி சொருகி வச்சிருக்காங்க. நீலக்கலர் எழுத்து கூட வெளிய தெரியுது. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

என் வீட்டுக்காரருக்கு சொந்த ஊர் பொன்னேரி. 2011 டிசம்பர் 25, கிறிஸ்மஸ் அன்னைக்கு பழவேற்காட்டுல போட் கவுந்து 22 பேர் செத்துப்போனாங்க, ஜாலியா சுத்தி பாக்க போன குடும்பங்க. அந்த ஊர் பக்கம் இருக்கறவங்களுக்கு சரியான ஜாக்கெட் இல்லாம போட்ல ஏறுன்னு சொன்னா எப்டி இருக்கும்னு யோசிச்சு பாருங்க. அவர் ஒத்த வார்த்ததான் சொன்னார், "வேணாம், வண்டில ஏறுங்க." பையன் அழுதான். நாங்க யாரும் தண்ணில காலே வைக்கல.

இப்ப ஆரம்பிக்குது கூத்து. அந்த நல்லா பேசின ஹோஸ்ட் ஒரு வழியா போன எடுத்தான். ஜாக்கெட் பத்தி சொன்னேன், மூடி பத்தி சொன்னேன், எல்லாத்துக்கும் ம்ம் ம்ம்னு கேட்டுட்டு, "மேடம், போட் ரெடி, ஆள் ரெடி, நீங்கதான் வேணாம்னு சொல்றீங்க, அப்ப இது கஸ்டமர் கேன்சலேஷன், பாலிசிப்படி ரீஃபண்ட் கெடையாது"ங்கறான். புள்ளைய கொல்ல பாத்துட்டு எனக்கு பாலிசி சொல்றான். வெயிட் கேட்டீங்களே, தனியா எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னீங்களேன்னா, "அது பேக்எண்ட்ல யாரோ மிஸ் பண்ணிட்டாங்க மேடம்." அப்புறம் போன வச்சிட்டான். வாட்ஸ்அப்ல இப்ப அவன் டிபி கூட தெரியல, பிளாக் பண்ணிட்டான் போல.

ஆப் கஸ்டமர் கேர்க்கு போனேன். மொதல்ல ஒரு பாட், ஹாய் சொல்லும், நாலு பட்டன் காட்டும், அதுல "பாதுகாப்பு சரியில்ல"ன்னு ஒரு ஆப்ஷனே இல்ல. எப்டியோ ஒரு பொண்ணு லைன்ல வந்துச்சு, "நாங்க ஜஸ்ட் பிளாட்ஃபார்ம் மேடம், சர்வீஸ் குடுக்கறது வென்டார்"னு ஆரம்பிச்சு, 6,400 ரூபா ஆப்புக்கு வெளிய கட்டினது, அதுக்கு எங்களுக்கு சம்பந்தமே இல்லன்னு சொல்லிட்டாங்க. யம்மா, அந்த நம்பர குடுத்ததே உங்க ஆப்தானே? "நம்பர் காண்டாக்ட் பண்றதுக்கு மேடம், பேமென்ட்டுக்கு இல்ல." சரி அந்த 2,000? "அட்வான்ஸ் நான் ரீஃபண்டபிள்." அந்த க்யூஆர்ல வர்ற பேர் ஹோஸ்ட் பேரும் இல்ல, கம்பெனி பேரும் இல்ல, வேற யாரோ ஒரு தனி ஆள் பேர், அதையும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், "டீம் வில் கெட் பேக்"னாங்க. கெட் பேக் பண்ணது இதுதான்: 500 ரூபா கூப்பன், அடுத்த புக்கிங்ல யூஸ் பண்ணிக்கலாமாம், அதுவும் 30 நாளைக்குள்ள. 8,400 போனவளுக்கு 500 ரூபா கூப்பன், அதே ஆளுங்க கிட்ட திரும்ப போய் ஏறுறதுக்கு! ரிவ்யூ போட்டேன், "அண்டர் மாடரேஷன்"ல தூங்குது. ஆனா அந்த லிஸ்டிங்ல 4.8 ஸ்டார் மட்டும் மினுக்குது.

இன்னொன்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் பாத்தோம். லிஸ்டிங்ல இருக்கற மொத போட்டோ, ரெண்டு பக்கமும் அலையாத்தி மரம் கூரை மாதிரி வளைஞ்சு நடுவுல கயாக் போகும். அது பிச்சாவரம். சிதம்பரம் பக்கம், இங்கேந்து 200 கிமீக்கு மேல. ஈசிஆர் பேக்வாட்டர்னு சொல்லி அந்த ஊர் போட்டோவ போட்டிருக்காங்க. கூடவே "ப்ளூ ஃபிளாக் கோவளம்"னு வேற. 2021-ல இந்த ப்ளூ ஃபிளாக், அதான் நல்லா பராமரிக்கற பீச்சுக்கு குடுக்கற நீலக்கொடி சான்று, கெடச்சது கோவளம் பீச்சுக்கு, அந்த பீச்ச பராமரிக்கறதுக்கு. எங்கயோ சேத்துக்குள்ள கவுத்துப்போட்ட இவங்க கயாக்குக்கா குடுத்தாங்க?

1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் பண்ணி கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு. அந்த க்யூஆர் ஆள் விஷயத்துக்கு 1930 சைபர் க்ரைம் நம்பர். யுபிஐ ஃபிராடுன்னு சந்தேகம் வந்தா இதுக்கு எவ்ளோ சீக்கிரம் அடிக்கறீங்களோ அவ்ளோ நல்லது, பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்கு போறதுக்குள்ள நிறுத்த வழி இருக்கு. மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல 5 லட்சத்துக்கு கீழ கட்டின விஷயத்துக்கு ஃபீஸ் கெடையாது, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், கம்பெனி பெங்களூர்ல இருக்கோ குர்கான்ல இருக்கோ கவல இல்ல. நாங்க போடத்தான் போறோம்.

எடம் பத்தி வெவரமா எழுதற மனநிலைல இல்ல, அவசரத்துக்கு இத மட்டும் வச்சுக்கோங்க. மொத தடவன்னா அரசு போட் ஹவுஸ்ல ஆரம்பிங்க. முட்டுக்காடு 1984-லேந்து சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தறது, கவுன்ட்டர்ல டிக்கெட், ஜாக்கெட் போட்டாதான் ஏத்துவாங்க, துடுப்பு போட்ல ஒரு தடவ போனாலே தண்ணி எப்டி இழுக்குதுன்னு கைக்கு புரிஞ்சிரும். ஈசிஆர்லயே இன்னும் கீழ, சென்னைலேந்து கிட்டத்தட்ட 90 கிமீல முதலியார்குப்பம், அதுவும் அவங்களோடதுதான், கூட்டம் கம்மி. தனியார்கிட்ட போனா எங்க போனாலும் முகத்துவாரம், அதான் பேக்வாட்டர் கடல்ல சேர்ற வாய், அது பக்கம் மட்டும் போகாதீங்க. நம்ம கடல்ல தண்ணி ஏறி எறங்கறது ஒரு மீட்டர் சுத்திதான், ஆனா அம்புட்டு பெரிய பேக்வாட்டர் தண்ணியும் எறங்கும்போது அந்த சின்ன வாய் வழியாதான் கடலுக்கு போகணும், புதுசா துடுப்பு புடிக்கறவங்களால எதிர்த்து வர முடியாது. அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் வேணவே வேணாம். பள்ளிக்கரணை பக்கத்து மழைத்தண்ணி ஒக்கியம் மடுவுங்கற வாய்க்கால் வழியா பக்கிங்காம் கால்வாய்ல எறங்கி இந்த முட்டுக்காடு வாய் வழியாதான் வெளிய போகுது, மேல பாக்க அமைதியா இருக்கும், கீழ ஓட்டம் இருக்கும். வெயில் காலத்துல காலைலயே முடிச்சிட்டு கரை ஏறிடுங்க, மதியம் ஆச்சுன்னா கடல் காத்து எறங்கி கயாக்க கண்டபடி தள்ளும். காலுக்கு ஷூ போடுங்க, அடில கிளிஞ்சல் பிளேடு மாதிரி கிழிக்கும். முழுப்பணத்த ஸ்பாட்ல ஜாக்கெட்ட மாட்டி, தோள்பட்டைய தூக்கி பாத்து, கயாக் பின்னாடி மூடி இருக்கான்னு பாத்த பிறகுதான் குடுக்கணும். முன்னாடியே 6,400 போடு, ஸ்லாட் லாக் பண்ணு அப்டின்னு எவன் சொன்னாலும் வைங்க போன.

கனூ பத்தியும் பழவேற்காடு பத்தியும் கேட்டவங்க மன்னிச்சுக்கோங்க, அது இன்னொரு நாள். வாட்ஸ்அப் சாட், க்யூஆர், பால் கவர் போட்டோ எல்லாம் பிரிண்ட் எடுக்கணும், முக்கு ஜெராக்ஸ் கடை எட்டு மணிக்கு சாத்திடுவாங்க.